மனிதர் கடித்த காயம்: எங்கெங்கே தவறு நடக்கிறது

மனிதப் பல் பட்ட காயங்களில் பார்வைக்கு மிக அற்பமாகத் தெரிவதுதான் பெரும்பாலும் விரலை முடக்குகிறது. கைகலப்பில் ஒருவர் எதிராளியின் வாயில் குத்துகிறார். முன்பல் பட்டு, நடுவிரல் மொளியின் மேல் அரை சென்டிமீட்டர் கீறல் விழுகிறது. முஷ்டி மடக்கினால் மேடாக எழும் மூட்டைத்தான் மொளி என்கிறோம். ரத்தம் தானாக நின்றுவிடும், வலியும் பெரிதாக இருக்காது. ஓரிரு நாளில் கை வீங்கி, விரலை அசைத்தாலே உயிர் போகும் வலியோடு மருத்துவமனைக்கு வருவார். அதற்குள் மூட்டில் சீழ் பிடித்திருக்கும்.

மொளியில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை கிடையாது. தோல், விரலை நிமிர்த்தும் தசைநாண், மூட்டுறை எல்லாம் சேர்ந்து சில மில்லிமீட்டர்தான். குத்தும்போது கை மடங்கியிருப்பதால் பல் இந்த மூன்றையும் ஒரே நேர்கோட்டில் துளைத்துவிடும். பிறகு கையை விரித்தவுடன் தசைநாண் பின்னுக்கு நகர்ந்து, அதிலுள்ள ஓட்டையும் இடம் மாறிவிடும். உள்ளே போன எச்சிலும் கிருமியும் வெளியேற வழியின்றி மூட்டுக்குள் அடைபடும்.

ஆகவே இந்தக் காயத்தை விரித்த கையில் மட்டும் பார்ப்பது முதல் பெரும் தவறு. மரத்துப்போகும் ஊசி போட்டு, காயத்தைத் தேவையான அளவு திறந்து, விரலை முழுதாக மடக்கியும் நீட்டியும் காயத்தின் அடி வரை பார்க்க வேண்டும். தசைநாண் அறுந்திருக்கிறதா, மூட்டுறை துளைத்திருக்கிறதா என்பது மடக்கிய நிலையில்தான் தெரியும். எக்ஸ்ரேயும் கட்டாயம் எடுக்க வேண்டும். உடைந்த பல் துணுக்கு, எலும்பில் சிறு குழி, மூட்டுக்குள் காற்று ஆகியவற்றை அது காட்டிக்கொடுக்கும். மூட்டு துளைத்திருந்தால் அறுவை அரங்கில் கழுவுவதுதான் வழி. மாத்திரையை மட்டும் எழுதி அனுப்பினால் அந்த மூட்டு பாழாகும்.

நோயாளி தரப்பில் நடக்கும் தவறு, காரணத்தை மறைப்பது. ‘சுவரில் இடித்துக்கொண்டேன்’, ‘மெஷினில் பட்டது’ என்பார்கள். போலீஸ் வழக்காகிவிடுமோ என்ற பயம்தான். அடிதடிக் காயம் விபத்துப் பதிவேட்டில் ஏறும் என்பது உண்மை. ஆனால் அதற்காகச் சிகிச்சை நிற்காது. மறைத்தால்தான் சிகிச்சை தவறிப்போகும், ஏனென்றால் தகரம் வெட்டிய காயத்துக்கும் பல் பட்ட காயத்துக்கும் தையலும் மருந்தும் வேறு. சண்டைக்குப் பிறகு மொளியில் எந்தக் காயம் இருந்தாலும், இல்லையென்று உறுதியாகும் வரை அதைப் பல் பட்ட காயமாகவே மருத்துவர் கருத வேண்டும்.

முதல் கால் மணி நேரம்

கடிவாயில் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை எதையும் அப்பக் கூடாது. அவை கிருமியைக் கொல்வதில்லை. காயத்தின் அடியைப் பார்க்க முடியாமல் செய்வதோடு, கழுவி எடுக்கும்போது திசுவையும் சேர்த்துப் புண்ணாக்குகின்றன. வாயால் உறிஞ்சித் துப்புவதும் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவினால் போதும். மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். கை வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மருத்துவமனையில் கழுவுவதும் பல இடங்களில் சடங்காகிவிடுகிறது. பஞ்சில் மருந்து நனைத்துத் துடைப்பது கழுவுதல் ஆகாது. 20 மில்லி சிரிஞ்சில் 18 கேஜ் ஊசியோ பிளாஸ்டிக் கேனுலாவோ பொருத்தி, சலைனை விசையோடு அடிக்க வேண்டும். காயத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் 50 முதல் 100 மில்லி என்பது நல்ல கணக்கு. ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஸ்பிரிட்டையும் காயத்துக்குள் ஊற்றினால் நல்ல திசுவும் சாகும். செத்த சதையை வெட்டி எடுக்காமல் விட்டால், எந்த மாத்திரையும் அங்கே எட்டாது.

அடுத்தது தையல். பிளந்திருக்கும் காயத்தைப் பார்த்ததும் மூடிவிடச் சொல்லி நோயாளியே கேட்பார். கையில் பட்ட கடிக்கு அன்றைக்கே தையல் போடக் கூடாது. திறந்தே வைத்து, தினமும் கட்டு மாற்றி, சில நாள் கழித்துத் தேவையென்றால் மூடலாம். முகம் இதற்கு விலக்கு. அங்கே ரத்த ஓட்டம் அதிகம், தழும்பும் முக்கியம் என்பதால் நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்த பிறகு முதல் நாளிலேயே தைக்கலாம்.

செப்டிக் ஊசியும் சொந்த மாத்திரையும்

நம்மூரில் டி.டி. ஊசிக்கு ‘செப்டிக் ஊசி’ என்று பெயர். அதைப் போட்டுவிட்டால் சீழ் பிடிக்காது என்று நம்பி வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். அந்த ஊசி இரண ஜன்னி எனப்படும் டெட்டனஸைத் தடுக்க மட்டும்தான். பல்லிலிருந்து வந்த கிருமிகளை அது தொடாது. இரண ஜன்னியைப் பொறுத்தவரை, கடைசித் தவணை போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ஒரு ஊசி தேவை. குறைந்தது மூன்று தவணையாவது போட்டிராதவருக்கு, தடுப்பூசியோடு 250 யூனிட் டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினையும் (உடனே வேலை செய்யும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) உடம்பில் வேறு இடத்தில் போட வேண்டும்.

ஆன்டிபயாட்டிக்கில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. மனித வாயில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ், காற்றில்லாமல் வாழும் கிருமிகள் ஆகியவற்றோடு ஐகெனெல்லா கொரோடென்ஸ் என்ற கிருமியும் குடியிருக்கிறது. சாதாரணத் தோல் புண்ணுக்கு வழக்கமாக எழுதும் செஃபாலெக்ஸின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் ஆகிய நான்கையும் நம்பி இதை விட முடியாது. மருந்துக்கடையில் ‘புண்ணுக்கு மாத்திரை’ என்று கேட்டு வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

முதல் தேர்வு அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. பெரியவர்களுக்கு 625 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளுக்கு மூன்று வேளை, 1 கிராம் மாத்திரை என்றால் இரு வேளை. சாப்பாட்டின் தொடக்கத்தில் போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு டாக்சிசைக்ளினோடு மெட்ரோனிடசோல் சேர்த்துத் தருவது வழக்கம். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருத்துவர் வேறு தேர்வு செய்வார். சீழ் பிடிக்கும் முன் தடுப்பதற்கு 3 முதல் 5 நாள் போதும். மூட்டில் சீழ் என்றால் வாரக்கணக்கிலும், எலும்புக்குள் போய்விட்டால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரமும் ஆகும்.

எல்லாக் கடிக்கும் மாத்திரை தேவை என்பதும் தவறுதான். மனிதக் கடி எல்லாமே விஷம் என்ற பேச்சு, முற்றிய நிலையில் வந்த கைக் காயங்களைப் பார்த்தே பெரிதும் பரவியது. தோல் கிழியாமல் பல் தடம் மட்டும் பதிந்திருந்தால் கழுவிவிட்டுக் கவனித்தால் போதும். பால்வாடியில் குழந்தைகள் ஒன்றையொன்று கடிப்பதில் பெரும்பான்மை இந்த வகைதான். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் மாத்திரை தேவை. கை, பாதம், மூட்டு, காது மடல் போன்ற இடங்களில் பட்டிருந்தாலோ, கடிபட்டவருக்குச் சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ இருந்தாலோ, ரத்தம் வராத கிழிசலுக்கும் மருத்துவர் மாத்திரை தர யோசிப்பார்.

குழந்தையின் உடம்பில் உள்ள கடித்தடத்தில் இரு கோரைப்பற்களின் தடத்துக்கு இடையே 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், கடித்தது பெரியவராக இருக்கலாம். இதைக் கண்டும் காணாமல் விடுவது மருத்துவர் செய்யக்கூடிய மிகக் கொடிய தவறு. அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, பதிவு செய்து, குழந்தையைப் பாதுகாப்பில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே சீழ் பிடித்து வருபவருக்கு, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ஆழத்திலிருந்து சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ‘மனிதக் கடி’ என்று சீட்டில் எழுதுங்கள். ஐகெனெல்லா மெதுவாக வளரும். விவரம் தெரியாத ஆய்வகம் கிருமி வளர்க்கும் தட்டைச் சீக்கிரம் எறிந்துவிட்டு, கிருமி இல்லை என்று எழுதிவிடக்கூடும்.

எச்சில் வழி வரும் நோய்கள்

நாய்க்கடி போல வெறிநோய் ஊசி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கடித்தவருக்கே வெறிநோய் இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ தவிர, தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வியான, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்று மறந்துபோகிறது. இன்றைய நடுத்தர வயதினரில் பலர் அதற்குத் தடுப்பூசி போட்டவர்கள் அல்லர். கடித்தவருக்கு அந்தத் தொற்று இருந்து, கடிபட்டவர் தடுப்பூசி போடாதவர் என்றால், முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். கடி வழியே எச்.ஐ.வி. பரவுவது மிக மிக அரிது. கடித்தவருக்கு எச்.ஐ.வி. இருந்து, வாயில் ரத்தமும் இருந்து, தோலும் கிழிந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கடித்தவர் வாயிலும் கடிபட்டவரின் ரத்தம் பட்டிருக்கும், ஆகவே இருவரையும் பரிசோதிப்பதே முறை.

வலிப்பு வந்தவரின் பற்களுக்கு இடையே விரலையோ கரண்டியையோ நுழைக்காதீர்கள். விரல் நுனி துண்டாகும், அவர் பல்லும் உடையும். ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே போதும். கடியில் காது மடலோ விரல் நுனியோ துண்டாகிவிட்டால், அந்தத் துண்டைச் சலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். துண்டு ஐஸில் நேராகப் பட்டால் திசு கருகி, ஒட்டவைக்க முடியாமல் போகும்.

வீட்டுக்கு அனுப்பிய நோயாளியை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்தே தீர வேண்டும். விரல் முழுதும் உருண்டு வீங்குவது, பாதி மடங்கிய நிலையிலேயே நிற்பது, பிறர் மெல்ல நிமிர்த்தினாலும் தாங்க முடியாமல் வலிப்பது, உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுகத் தொட்டால் வலிப்பது ஆகியவை தசைநாண் உறைக்குள் சீழ் சேர்ந்ததன் அடையாளங்கள். அவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் காலை வரை காத்திராமல், கை அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றிரவே போக வேண்டும்.