169.254 வந்தால் கையால் ஐபி போடாதீர்கள்: வீட்டு நெட் கோளாறில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மதுரை செல்லூரில் ஒரு வீட்டுக்கு நெட் பார்க்கப் போன எங்கள் கடைத் தம்பி, அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டான். "அண்ணே, சிஸ்டம் ஐபியே எடுக்கல. 169-னு என்னமோ காட்டுச்சு. நானே கையால போட்டுவிட்டேன், உடனே நெட் வந்துருச்சு" என்றான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் வயதில் நானும் அதையேதான் செய்தேன், அதற்கு இன்னொருவர் பணம் கட்டினார்.

கேபிள் சொருகியிருக்கிறதா, ஏரோப்ளேன் மோடு போட்டிருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பார்த்த பிறகும் நெட் வராதபோது கை தானாகப் போகிற சில தப்பான இடங்கள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இது.

169.254-ஐப் பார்த்ததும் கையால் எண் போடுவது

விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் உங்கள் கணினியின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கான எண், தெரியும். நல்ல நிலையில் இருக்கிற வீட்டில் அது பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டரிடம் கேட்டும் முகவரி கிடைக்காததால் கணினி தனக்குத்தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்த வழக்கம் உண்டு. "நான் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை" என்று கணினி நம்மிடம் சொல்கிறது. ஏன் பதில் வரவில்லை என்று தேடுவதுதான் வேலை.

முகவரி கொடுப்பது ரவுட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி. சத்திரத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி அது. இத்தனை அறை என்று கணக்கு, வருகிறவருக்கு ஒரு அறை, இத்தனை மணி நேரத்துக்கு. அறை தீர்ந்துவிட்டால் அடுத்து வருகிறவர் திண்ணையில் படுக்க வேண்டியதுதான்.

2018 சித்திரைத் திருவிழா சமயம். வில்லாபுரத்தில் ஒருவர் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்துவந்தார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்திருந்தது. கணினியில் மட்டும் நெட் இல்லை, 169.254. ரவுட்டரும் சேர்ந்தே இருந்த அந்த வீட்டு மோடத்தில் யாரோ 2 முதல் 11 வரை, பத்தே பத்து முகவரிதான் கொடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். வந்த விருந்தாளிகளின் போன்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டன. நான் மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. ஒவ்வொரு எண்ணாக பிங் அடித்தேன், அதாவது பதில் வருகிறதா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். 192.168.1.9 பதில் சொல்லவில்லை. சும்மா கிடக்கிறது என்று நினைத்து அதையே கணினிக்குக் கையால் எழுதினேன். நெட் வந்தது. காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

9 சும்மா கிடக்கவில்லை. அதை வாங்கியிருந்த போன்காரர் வைகைக் கரைக்குப் போயிருந்தார், அவ்வளவுதான். பிங்குக்குப் பதில் வராத முகவரி எல்லாம் காலி முகவரி இல்லை.

விருந்தாளிகள் ஊருக்குப் போன பிறகும் அந்த வீட்டில் தொல்லை தீரவில்லை. கணினி அணைந்திருக்கும் நேரத்தில் மோடம் 9-ஐ மாடியில் குடியிருந்த பையனின் போனுக்குக் கொடுத்துவிடும். இவர் சாயங்காலம் கணினியைப் போட்டால் ஒரே எண்ணில் இரண்டு பேர். ஒரு நாள் இவருக்கு நெட் இருக்காது, ஒரு நாள் அந்தப் பையனுக்கு. "சாயங்காலமானா லைன் வீக்கு" என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

அப்புறம் ஜூலை 20. மாதாமாதம் கட்டுகிறவர்களுக்கு 3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்னின் கடைசி நாள். அன்று காலையில்தான் பழைய போன் லைன் மோடத்தை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுப் போயிருந்தார்கள். புதுப் பெட்டியின் முகவரி 192.168.100.1. போன்கள் எல்லாம் புது முகவரி வாங்கிக்கொண்டு ஓடின. இவருடைய கணினி மட்டும் நான் எழுதிய 192.168.1.9-ஐ வைத்துக்கொண்டு, இல்லாமல் போன 192.168.1.1-ஐத் தேடிக்கொண்டிருந்தது. மாசி வீதிக் கதவு எண்ணை வைத்துக்கொண்டு வெளி வீதியில் வீடு தேடுகிற கதை. நெட் கம்பெனிக்காரர்கள் "எங்க பக்கம் சரியா இருக்கு" என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். அவர் புது லேன் கேபிள் வாங்கி மாட்டினார். மத்தியானம் முழுக்கப் போனது. சாயங்காலம் பென்டிரைவோடு ப்ரௌசிங் சென்டருக்கு ஓடினார். நாலு கடைகளின் ரிட்டர்ன் அன்று ஏறவில்லை. தாமதக் கட்டணம் நாளுக்கு ஐம்பது ரூபாய், அதைத் தன் கையிலிருந்து கட்டினார். தொகை பெரிதில்லை. ஆனால் நாலு கடைக்காரர்களிடமும் அவர் பதில் சொல்லி நின்றார்.

மறுநாள் நான் போய், அடாப்டர் செட்டிங்கில் ஐபிவி4-ஐத் திறந்து, 'ஆப்டெயின் அன் ஐபி அட்ரஸ் ஆட்டோமேட்டிக்கலி' என்பதில் புள்ளி வைத்தேன். இரண்டு நிமிட வேலை. நான் எழுதிய எண் அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் வேறொரு போனை வைஃபையில் புதிதாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முகவரி கிடைக்கவில்லை என்றால் குறை ரவுட்டரில். ப்ரௌசரில் அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து, டிஹெச்சிபி ஓடுகிறதா, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது என்று பாருங்கள். பத்து என்று இருந்தால் நூறாக்குங்கள். அன்று வில்லாபுரத்தில் இது ஒன்றுதான் தேவைப்பட்டது. போனுக்குக் கிடைத்து, கணினிக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் கேபிள், லேன் போர்ட், அடாப்டர் டிரைவர், ஆண்டிவைரஸின் ஃபயர்வால், சர்வீசஸ் பட்டியலில் 'டிஹெச்சிபி க்ளையன்ட்' என்று இந்த வரிசையில் பாருங்கள்.

கையால் எண் போடவே கூடாது என்று சொல்லவில்லை. பிரிண்டருக்கும் சிசிடிவி பெட்டிக்கும் மாறாத முகவரி வேண்டியிருக்கும். அதை ரவுட்டரிலேயே, அந்தக் கருவியின் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்த அடையாள எண்) ஒதுக்கி வையுங்கள். அது முடியாத ரவுட்டர் என்றால், டிஹெச்சிபி கொடுக்கிற வரிசைக்கு வெளியே ஒரு எண்ணை எடுங்கள். எடுத்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ரவுட்டரின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

தம்பியை அன்றைக்கே செல்லூருக்குத் திருப்பி அனுப்பினேன்.

ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ரீசெட்

பெட்டியை அணைத்துப் போடச் சொன்னால், குண்டூசியை எடுத்துப் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் அழுத்துகிறார்கள். அந்தத் துளை பெட்டியைப் பிறந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமல்ல, லைனில் நுழைய நெட் கம்பெனி உள்ளே எழுதிவைத்த பிபிபிஓஇ யூசர்நேம், விலேன் எண் என்கிற இணைப்பு விவரங்களும் சேர்ந்தே அழிந்துபோகலாம். அதை மறுபடி போட அவர்கள் ஆள் வர வேண்டும், அவர் இன்றைக்கே வருவார் என்று சொல்ல முடியாது. ஸ்விட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். ஃபைபர் பெட்டியில் 'பான்' (PON) என்கிற இணைப்பு விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரியும்வரை பொறுங்கள். 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. நீங்கள் கணினியில் என்ன மாற்றினாலும் பயன் இல்லை, உடனே கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

பழைய ரவுட்டரை மாடிக்கு அப்படியே மாட்டுவது

மாடியில் சிக்னல் இல்லையென்று, வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரை லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு இழுத்து மாட்டுவார்கள். அதற்குள்ளும் ஒரு டிஹெச்சிபி ஓடிக்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள். யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் முகவரிதான். பழையவரிடம் வாங்கியவருக்கு கேட்வே (வெளியே நெட்டுக்குப் போகிற வழியான ரவுட்டர் முகவரி) தப்பாக இருக்கும், வைஃபை முழுக் கோடும் காட்டும், நெட் மட்டும் இருக்காது. ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) அடித்து 'டிஹெச்சிபி சர்வர்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே உங்கள் நெட் பெட்டியின் முகவரி இல்லாமல் வேறு எண் இருந்தால் பிடித்துவிட்டீர்கள். மாட்டுவதற்கு முன்பே பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியையும் மோதாத எண்ணாக மாற்றிவிட வேண்டும்.

ப்ரௌசர் திறக்காவிட்டால் நெட்டே இல்லை என்பது

முதலில் கேட்வேக்கு பிங் அடியுங்கள். அடுத்து 8.8.8.8, அது வெளியே இருக்கிற கூகுளின் முகவரி. அதற்குப் பதில் வந்தும் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்றால் லைன் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றிக்கொடுக்கிற டிஎன்எஸ்தான் வேலை செய்யவில்லை. டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். டிஎன்எஸ்ஸும் சரி என்றால் ப்ராக்ஸி (நெட்டை இடையில் இன்னொரு கணினி வழியாக அனுப்புவது) செட்டிங்கைப் பாருங்கள். நீக்கிவிட்ட விபிஎன் அங்கே ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

எடுத்ததும் நெட்வொர்க் ரீசெட்

விண்டோஸில் நெட் செட்டிங் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வைக்கிற பட்டன் இது. அது கடைசி மருந்து. முதலில் கொடுக்காதீர்கள்.

ஐபிவி6-ஐ அணைப்பது

ஐபிவி6 என்பது புது வகை ஐபி முகவரி முறை. அதை அணைக்க வேண்டாம்.

தேதியைப் பார்க்காமல் விடுவது

பழைய டெஸ்க்டாப்பில், கரண்ட் போய் வந்த பிறகு எல்லா வெப்சைட்டும் 'பாதுகாப்பில்லை' என்று சொன்னால் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். வருடம் பின்னால் போயிருக்கும். சான்றிதழ்கள் எதுவும் அந்தத் தேதிக்குச் செல்லாது, அதனால்தான் அந்த எச்சரிக்கை. தேதியைச் சரிசெய்தால் உடனே திறக்கும். அடுத்த முறை கரண்ட் போனால் மறுபடி பின்னால் போகும். மதர்போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரியை மாற்றிவிடுங்கள், கடையில் சிஆர்2032 என்று கேட்டால் கொடுப்பார்கள்.