முழங்கால் வலியா? ஒரு விரலால் காட்டுங்கள்

எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பலரும் உள்ளங்கையால் முழங்கால் மொத்தத்தையும் பொத்திக் காட்டுவார்கள். பிசியோதெரபிஸ்டாகிய நான் அதோடு விடமாட்டேன். ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். ஸ்கேனுக்கு ஓடும் முன் நீங்களும் இதைச் செய்து பாருங்கள்.

விரல் மூட்டுச்சில்லைச் சுற்றியே நிற்கிறதா? படி இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலி கூடுகிறதா? அப்படியென்றால் சில்லுக்குப் பின்னால்தான் சிக்கல் இருக்கும். தொடைத் தசை வலுவானால் பெரும்பாலும் அடங்கிவிடும். உட்பக்க மூட்டு இடுக்கில் வலித்தால் வயதைப் பொறுத்தது: ஐம்பதைத் தாண்டியவருக்குத் தேய்மானம், காலை முறுக்கிக்கொண்ட இளைஞருக்கு ஜவ்வுக் கிழிசல் என்று முதலில் சந்தேகிப்பேன்.

அடுத்து, காலை விறைப்பு. எழுந்து நடமாடி அரை மணிக்குள் இளகிவிட்டால் தேய்மானத்தின் குணம். அதையும் தாண்டி நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம். தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய எளிய பயிற்சி ஒன்று. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 முறை. சில்லுக்கு மேலே தசை இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இடுப்பால் ஏமாற்றுகிறீர்கள்! வலிக்குப் பயந்து நடையையே நிறுத்துவதுதான் எனக்குப் பிடிக்காத வைத்தியம். தேய்மானம் உள்ளவர் 1 கிலோ எடை குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ சுமை குறையும்.

சரி, எப்போது மருத்துவரிடம் போவது? மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றே போங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரித்துவிடும். அடிபட்ட பின் நாலு எட்டு வைக்க முடியவில்லையா? எக்ஸ்ரே தேவை. 'டப்' என்ற சத்தத்தோடு விழுந்து, சில மணி நேரத்தில் மூட்டு வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம். கெண்டைச்சதை வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கக்கூடும்; நீவி விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதெல்லாம் இல்லாத சாதாரண வலிகூட சில வாரங்களில் குறையாவிட்டால் காட்டிவிடுவது நல்லது.

குழந்தை முழங்கால் வலி என்று நொண்டினால், இடுப்பையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு மூட்டின் கோளாறு பல சமயம் முழங்கால் வலியாகத்தான் தெரியும்.