புதையல் தேடி மலையேறும் குழுவை வழிநடத்துவது எப்படி?

சியாட்டிலில் வசிக்கும் நாங்கள் நான்கைந்து குடும்பத்தார் விடுமுறை நாள்களில் சேர்ந்து மலையேறப் போவது வழக்கம். பிள்ளைகள் முணுமுணுக்காமல் கிளம்புவதற்கு ஜியோகேஷிங்தான் காரணம். யாரோ மறைத்துவைத்த சிறு பெட்டியை, அவர் இணையத்தில் பதிந்த அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்பைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ்.ஸின் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நிறுத்தியதும், கருவிகள் இடத்தை இன்னும் துல்லியமாகக் காட்டத் தொடங்கின. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் பக்கத்து மாநிலமான ஓரிகனில் ஒரு வாளியை மறைத்துவைத்து இதைத் தொடங்கிவைத்தார். இப்படிப்பட்ட பயணங்களில் குழுவைப் பொறுப்பேற்று அழைத்துச் செல்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, சியாட்டிலுக்கு அருகே நாங்கள் அதிகம் ஏறிய மவுண்ட் சை மலையை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை நேரக் கணக்கு. இந்த மலைக்குப் போய்வரச் சுமார் 13 கி.மீ.; ஏற்றம் ஏறக்குறைய 960 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்குப்படி, 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரமும் 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். அப்படிப் பார்த்தால் உச்சிக்குப் போகவே மூன்று மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகளும் வயதானவர்களும் வந்தால் அதோடு இன்னும் ஒரு மணி நேரத்தையும், பெட்டி தேட அரை மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின், எங்கே நின்றாலும் எந்த மணிக்குத் திரும்பிவிடுவோம் என்பதை வண்டி நிறுத்துமிடத்திலேயே எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். அக்டோபர் கடைசியில் இங்கே மாலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால், ஆளுக்கொரு டார்ச் விளக்கு இருக்கிறதா என்று பையைத் திறக்கச் சொல்லியே பாருங்கள். கைபேசி வெளிச்சத்தை நம்பினால், வழிகாட்டும் வரைபடமும் பேட்டரியோடு சேர்ந்து அணைந்துபோகும்.

அடுத்தது நடக்கும் வரிசை. எல்லாரிலும் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டுவிட்டு, பொறுப்பேற்றவர் கடைசியில் நடக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை கைபேசித் திரையையே பார்த்தபடி முன்னால் விறுவிறுவென்று ஏறிப்போய்விட்டேன். பெட்டியை நெருங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நண்பரின் தந்தையைக் காணவில்லை. இரண்டு வளைவுகளுக்குக் கீழே, தலைசுற்றலோடு ஒரு மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தண்ணீர்ப் புட்டி என் பையில் இருந்தது. "கூப்பிட்டேன் தம்பி, உனக்குக் கேட்கலை போல" என்று அவர் சொன்னதில் கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அன்று முதல் நான் முன்னால் நடப்பதில்லை, மற்றவரின் தண்ணீரைச் சுமப்பதுமில்லை.

பெட்டியின் அருகே போனதும் கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. ஓங்கிய ஊசியிலை மரங்களின் அடியில் திரையிலுள்ள அம்பு பத்து மீட்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். அதைத் துரத்தினால் செடிகொடிகளை மிதிப்பதுதான் மிச்சம். கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, இயல்பாக விழுந்திருக்க முடியாதபடி அடுக்கியதுபோல் கிடக்கும் சுள்ளிகளையும், பாசி பெயர்ந்த கல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. பெட்டியைக் குழிதோண்டிப் புதைக்கக் கூடாது என்பதே விளையாட்டின் விதி. உங்கள் கண்ணில் முதலில் பட்டாலும் வாய் திறக்காதீர்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பட்டுப்போன அடிமரத்தின் பொந்தில் கைவிட்டு, மூடியைத் திருகித் திறந்து, கண்டுபிடித்தவர்கள் பெயர் பதிவதற்காக உள்ளே வைத்திருந்த, ஈரத்தில் நமுத்த காகிதச் சுருளில் கட்டைப் பென்சிலால் தமிழில் பெயரெழுதியதைப் பார்த்தவன் நான். அந்தக் கால்மணி நேரம் சும்மா நின்றது, வழிநடத்துபவனாக நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைத்துவிட்டு, இருந்த இடத்தில் இருந்தபடியே மறைத்துவிட்டு வர வேண்டும்.

மிகக் கடினமான இடம் மேலே இருக்கிறது. நடைபாதை முடியுமிடத்தில் ஹேஸ்டாக் என்ற செங்குத்துப் பாறை நிற்கிறது. கையும் காலும் ஊன்றித்தான் ஏற முடியும், இறங்குவது அதைவிட மோசம், ஈரமாக இருந்தால் நினைத்தே பார்க்கக் கூடாது. குழுவில் இரண்டு இளைஞர்களாவது "அண்ணா, அஞ்சே நிமிஷம்" என்று கேட்பார்கள். அப்போது வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். வேண்டாம் என்று நீங்களே சொல்லி, அவர்களின் வருத்தத்தையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். முடிவைக் குழுவின் தலையில் போட்டால், பயந்தவர் பயத்தை மறைத்துக்கொண்டு கையைத் தூக்கிவிடுவார். காலையில் சொன்ன நேரம் வந்துவிட்டால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் இதே உறுதி வேண்டும். அதிலும் முதலில் திரும்பி நடக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இறங்கும்போது களைப்பில் கால் தடுமாறும் என்பதால் ஏறும்போது இருந்ததைவிட அதிகமாக நின்று நின்று வாருங்கள். கீழே வந்ததும் தலைகளை எண்ணிவிட்டு வண்டியை எடுங்கள். அன்றிரவே இணையத்தில் பதிவு எழுதுகையில், காகிதம் நனைந்திருந்ததையும் குறிப்பிடுங்கள். பெட்டியை வைத்தவர் அதைப் பார்த்துத்தான் புதுச் சுருளோடு மலையேறுவார்.