கேரவனுக்கு ஜெனரேட்டர் வாங்கும் முன்
சென்னையிலிருந்து கேரவனில் ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ புறப்பட்டு, மின் இணைப்பே இல்லாத இடத்தில் இரவு தங்க நினைப்பவர்கள், ஜெனரேட்டரின் விலையைக் கேட்பதற்கு முன், வண்டிக்குள் ஒரே நேரத்தில் ஓடப்போகும் சாதனங்களின் வாட் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். விளக்கும் மின்விசிறியும் பெரிய சுமையல்ல. கணக்கைக் குழப்புவது ஏசிதான். ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாட் எடுக்கும் சாதாரண ஒரு டன் ஏசி, கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேலும் கேட்கும் என்பதால், 2 கேவிஏ (அதிகபட்சம் ஏறத்தாழ 2,000 வாட்) ஜெனரேட்டர் அதைத் தொடங்கிவைக்கவே திணறலாம். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக வேகமெடுப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஜெனரேட்டர் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்சத் திறனை விட்டுவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய திறன் எவ்வளவு என்று கேளுங்கள். மலையில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 விழுக்காடு திறன் குறையும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் இந்த இழப்பு 15 விழுக்காட்டை எட்டும்.

இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் விலை கூடுதல்தான் என்றாலும், சுமைக்கேற்ப எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் சத்தமும் பெட்ரோல் செலவும் குறைகின்றன; மடிக்கணினிக்கு ஏற்ற சீரான மின்சாரமும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், அந்தக் கூடுதல் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. ஆகவே ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் எதிர்த்திசையை நோக்கும்படி வைக்க வேண்டும். மழை வருகிறதென்று வண்டிக்கடியில் தள்ளிவைப்பது உயிருக்கே ஆபத்து.