பரண்மேல கிடக்குற லேப்டாப்புக்கு டெபியன் மினிமல் போட்டு, அப்பால டெஸ்க்டாப் ஏத்துறது எப்படி

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எருக்கஞ்சேரின்னு எந்தத் தெருவுல கேட்டாலும் ஏதாவது ஒரு வீட்டுப் பரண்மேல ஒரு கவர்மெண்ட் லேப்டாப் தூங்கிகினு இருக்கும், 2011ல ஆரம்பிச்ச ஸ்கீம்ல அக்காவுக்கோ அண்ணனுக்கோ ஸ்கூல்ல குடுத்தது. அதுல நிறைய மெஷின்ல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, யாரும் தொறந்துகூட பார்த்திருக்க மாட்டாங்க, அது நம்ம சென்னையில இருக்கிற சிடாக்ங்கிற மத்திய அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி சென்டர்ல செஞ்சது, டெபியன்ங்கிற இலவச லினக்ஸ் மேல கட்டுனது. அதனால அந்த மெஷினுக்கு டெபியன் ஒண்ணும் புதுசு இல்ல. 2 ஜிபி ரேம்ல இப்போத்த விண்டோஸ் போட்டா மெஷின் மூச்சு வாங்கும், அதுக்குதான் இந்த வழி: மொதல்ல வெறும் கருப்பு ஸ்கிரீனோட மினிமல் டெபியன், அதுக்கு மேல தேவையானத மட்டும் நாமளே ஒவ்வொண்ணா ஏத்துறது.

எதுக்கு இவ்ளோ பேஜார், இன்ஸ்டாலர்லயே டெஸ்க்டாப்புக்கு டிக் போட்டா முடிஞ்சுதேன்னு கேப்பீங்க. போடலாம். ஆனா டெஸ்க்டாப்ங்கிறது ஒரே சரக்கு இல்ல பா. படம் வரையுற எக்ஸ் சர்வர் தனி, விண்டோ பேனல் எல்லாம் காட்டுற எக்ஸ்எஃப்சிஇ மாதிரி ஆளு தனி, பாஸ்வேர்ட் கேக்குற லாகின் ஸ்கிரீன் தனி, சவுண்டு தனி, வைஃபை தனி. நம்ம கையால ஏத்துனா நாளைக்கு ஏதாவது புட்டுக்கிச்சுன்னா எந்த எடத்துல புட்டுக்கிச்சுன்னு தெரியும், மொத்தத்தையும் அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ண வேணாம்.

கமாண்டு எல்லாம் நம்ம எழுத்துலயே போட்டிருக்கேன், போனை பக்கத்துல வச்சிகினு படிச்சு படிச்சு இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, இடைவெளி விட வேண்டிய எடத்துல விடுங்க. முக்கியமா வீட்ல இருக்கிற போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சிடுங்க, அப்பால வந்து அழக்கூடாது.

மொதல்ல பிராசஸர் 64 பிட்டா பாருங்க. டெபியன் 13, ட்ரிக்ஸின்னு 2025 ஆகஸ்ட்ல வந்தது, அதுல 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே கிடையாது. 32 பிட் இருக்கிற பழைய குட்டி நெட்புக்னா டெபியன் 12தான். நெட்இன்ஸ்ட்னு இருக்கிற சின்ன ஐஎஸ்ஓவ, அதாவது இன்ஸ்டாலர் ஃபைலை, வேற ஒரு பென்டிரைவ்ல எழுதி பூட் பண்ணுங்க. வைஃபை புடிக்கலைன்னா டென்ஷன் ஆகாதீங்க, போனை யுஎஸ்பி கேபிள்ல சொருகி டெதரிங் ஆன் பண்ணா அது பெரும்பாலும் லேன் மாதிரியே தெரியும், நெட் பேக் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு மட்டும் பார்த்துக்கோங்க. காசிமேடு, ராயபுரம்னு கடலோரம் இருக்கிறவங்க மெஷின் ஆன் ஆகாம பீப் சவுண்டு குடுத்தா ரேமை கழட்டி அந்த கோல்டு கலர் காலை ரப்பர்ல தேய்ச்சு மாட்டிப் பாருங்க, உப்புக்காத்துல அது அழுக்கு புடிச்சிருக்கும். ஹார்டு டிஸ்க் இன்னும் சுத்துற டைப்பா இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி மாட்டுங்க, இந்த கைடுல நான் சொல்ற எல்லாத்தையும் விட அதுதான் பெரிய வித்தியாசம் காட்டும்.

இன்ஸ்டாலர்ல ரெண்டே எடத்துல உஷாரா இருந்தா போதும். ரூட், அதாவது மெஷினோட அட்மின், அதுக்கு பாஸ்வேர்ட் கேக்குறப்போ ஒண்ணும் அடிக்காம காலியா விட்டுட்டு கண்டினியூ குடுங்க, அப்போதான் உங்க யூசருக்கு சூடோ (எஸ் யூ டி ஓ, ரூட் அதிகாரத்துல கமாண்டு ஓட்டுற வழி) தானா கிடைக்கும். பாஸ்வேர்ட் போட்டுட்டீங்கன்னா சூடோ வராது, அப்போ 'சு', ஒரு இடைவெளி, ஒரு ஹைஃபன்னு அடிச்சு ரூட்டா போய் 'ஆப்ட் இன்ஸ்டால் சூடோ' (ஆப்ட்னா ஏ பி டி), அப்பால 'ஆட்யூசர்', உங்க யூசர் பேரு, 'சூடோ'ன்னு அடிச்சு லாக் அவுட் பண்ணி திரும்ப வரணும். அந்த ஹைஃபனை விட்டா ஆட்யூசர்னு ஒரு கமாண்டே இல்லன்னு மெஷின் டபாய்க்கும். ரெண்டாவது எடம் சாஃப்ட்வேர் செலக்ஷன். அங்க டெபியன் டெஸ்க்டாப், நோம் ரெண்டும் ஏற்கனவே டிக்காகி இருக்கும், ஸ்பேஸ் பாரை தட்டி எடுத்துடுங்க, ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யூட்டிலிட்டீஸ் மட்டும் இருக்கட்டும்.

ரீபூட் ஆனா கருப்பு ஸ்கிரீன்ல லாகின்னு ஒரு வரி வந்து நிக்கும். வீட்ல பார்க்குறவங்க மெஷின் புட்டுக்கிச்சுன்னு சொல்லுவாங்க, கண்டுக்காதீங்க. யூசர், பாஸ்வேர்ட் அடிங்க, பாஸ்வேர்ட் அடிக்கிறப்போ ஸ்கிரீன்ல புள்ளிகூட வராது, அது அப்படித்தான். உள்ள போனதும் 'சூடோ ஆப்ட் அப்டேட்', அப்பால 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'.

இப்போ எந்த டெஸ்க்டாப்? நோம் பார்க்க சூப்பரா இருக்கும், ஆனா 2 ஜிபில அது ஏறி உக்காந்தாலே பாதி ரேம் காலி, கேடிஇயும் அதே கதைதான். மிச்சம் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி ரெண்டும். எல்எக்ஸ்க்யூடி இன்னும் கொஞ்சம் லேசு, ஆனா வீட்ல எல்லாரும் தொடுற மெஷின்னா நான் எக்ஸ்எஃப்சிஇதான் சொல்லுவேன், 1996ல இருந்து வருது, செட்டிங் எல்லாம் தேடுற எடத்துல இருக்கும். கமாண்டு இது: 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்', அப்பால ஒரே வரியில வரிசையா 'எக்ஸ்ஆர்க்', 'எக்ஸ்எஃப்சிஇ4', 'எக்ஸ்எஃப்சிஇ4-டெர்மினல்', 'லைட்டிஎம்'. முதல்ல சொன்னது எக்ஸ் ஓ ஆர் ஜி, கடைசில இருக்கிறது லைட்ங்கிற வார்த்தையோட டி எம் சேர்த்து ஒரே சொல்லா. டெர்மினலை மறந்தா டெஸ்க்டாப் வந்தப்புறம் கமாண்டு அடிக்க எக்ஸ்டெர்ம்னு ஒரு பழைய மொட்டை ஜன்னல்தான் மிஞ்சும். இன்னும் சின்னதா போடணும்னு நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ் ஆப்ஷனை சேர்க்க சொல்லுவாங்க, மொத தடவை அந்த வேலை வேணாம், ஷட்டவுன் பட்டன் வேலை செய்யாது, ஐகான் வராது, ஒவ்வொண்ணா தேடிகினு இருக்கணும். எடம் இருந்தா முழுசா போடுங்க.

இறங்கி முடிஞ்சதும் 'சூடோ ரீபூட்'. லாகின் ஸ்கிரீன் வந்துச்சுன்னா ஜோர். வரலைன்னா எங்க நிக்குதுன்னு பாருங்க. திரும்ப கருப்பு ஸ்கிரீன்ல லாகின் வரிதான் வருதுன்னா 'சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிகல்.டார்கெட்' அடிச்சு ரீபூட் பண்ணுங்க. ஸ்கிரீன் மொத்தமா இருட்டா நின்னா கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூணையும் சேர்த்து அமுக்குங்க, டெக்ஸ்ட் லாகின் வரும், அங்க /வார்/லாக் ஃபோல்டர்ல எக்ஸ்ஆர்க்.0.லாக்னு ஒரு ஃபைல் (இதுல எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து), அதுல பிராக்கெட்டுக்குள்ள ரெண்டு இ போட்ட வரி எதுவோ அதுதான் குத்தவாளி, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர், இல்லன்னா ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஏத்துற குட்டி சாஃப்ட்வேர்) மேட்டரா இருக்கும். பாஸ்வேர்ட் சரியா அடிச்சும் ஒரு செகண்ட் இருட்டி திரும்ப லாகின் ஸ்கிரீனுக்கே தள்ளுதுன்னா எக்ஸ் சர்வர் மேல பழி போடாதீங்க. ஒண்ணு டிஸ்க் ஃபுல், இல்லன்னா யாரோ சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டி, உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்கிற புள்ளி எக்ஸ்ஆத்தாரிட்டி (இதுலயும் எக்ஸ் பெரிய எழுத்து) ஃபைலை ரூட் பேருக்கு மாத்தி வச்சிருப்பாங்க. அந்த ஃபைலை அழிச்சுட்டு லாகின் பண்ணா புதுசா உருவாகிடும்.

வைஃபைதான் நிறைய பேரை கவுத்துடும். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் நெட்வொர்க்-மேனேஜர்-நோம்' போட்டா பேனல்ல ஐகான் வந்துடும், பேருல நோம் இருக்கேன்னு பயப்படாதீங்க, முழு நோம் வராது. ஐகான் வந்தும் சில மெஷின்ல டிவைஸ் நாட் மேனேஜ்டுன்னு சொல்லும். காரணம் சிம்பிள், மினிமல் இன்ஸ்டால் பண்றப்போ அந்த கனெக்ஷனை /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்ங்கிற ஃபைல்ல எழுதி வச்சிருக்கு, அங்க பேர் இருக்கிற கார்டை நெட்வொர்க் மேனேஜர் தொடாது. 'சூடோ நானோ' போட்டு அந்த ஃபைலை தொறந்து, எல்ஓன்னு இருக்கிற வரிகளை அப்படியே விட்டுட்டு, மத்த கார்டோட வரி ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு ஹேஷ் (#) போட்டு சேவ் பண்ணி ரீபூட் பண்ணுங்க. கார்டே தெரியலைன்னா ஃபர்ம்வேர் வேணும், 'எல்எஸ்பிசிஐ' அடிச்சா யாரோட சிப்புன்னு தெரிஞ்சிடும், ரியல்டெக்னா 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்'.

சவுண்டுக்கு 'பைப்வயர்-ஆடியோ', 'பேவுகன்ட்ரோல்' ரெண்டும் போடுங்க. பிரவுசருக்கு 'ஃபயர்ஃபாக்ஸ்-இஎஸ்ஆர்'.

அப்பால தமிழ். ஃபான்ட் இல்லாத மெஷின்ல தமிழ் பேப்பர் சைட்டு தொறந்தா எல்லாம் கட்டம் கட்டமா தெரியும், 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' இல்ல 'ஃபான்ட்ஸ்-லோகித்-டிஏஎம்எல்', ரெண்டுல ஒண்ணு போட்டு பிரவுசரை மூடி தொறந்தா சரியாகிடும். டைப் பண்றதுக்கு 'ஐபஸ்', 'ஐபஸ்-எம்17என்' ரெண்டையும் போட்டு, லாக் அவுட் பண்ணி வந்து, ஐபஸ் செட்டிங்ஸ்ல தமிழ் சேருங்க. அதுலயே தமிழ்99ம் இருக்கு, அம்மான்னு இங்கிலீஷ்ல அடிச்சா தமிழாகுற ஃபோனட்டிக்கும் இருக்கு. டிடிபி கடையில வேலை பார்த்தவங்களுக்கு பழைய டைப்ரைட்டர் லேயவுட்டும் அதே லிஸ்ட்ல கிடைக்கும்.

கடைசியா ரேம். 'ஜிரேம்-டூல்ஸ்'னு ஒரு பேக்கேஜ், இசட்ல ஆரம்பிக்கும், அதைப் போட்டு /இடிசி/டிஃபால்ட்/ஜிரேம்ஸ்வாப் ஃபைல்ல பர்சன்ட்னு இருக்கிற வரியில ஹேஷை எடுத்துட்டு 50ன்னு வைங்க, ரேமுக்குள்ளயே டேட்டாவ சுருக்கி வச்சு கொஞ்சம் எடம் மிச்சம் பண்ணும். அதுக்காக இருபது டேப் தொறக்காதீங்க, யூட்யூப் ஒண்ணு, கூட ரெண்டு மூணு டேப், ஒரு டாக்குமெண்டுன்னு வச்சிகினா தம்பி தங்கச்சிங்க ஆன்லைன் ஃபார்ம் ஃபில் பண்ண, டிஎன்பிஎஸ்சி பழைய கொஸ்டின் பேப்பர் பார்க்க தாராளமா ஓடும்.