ஆட்டிசம் இருக்கற பிள்ளை கத்தி அழும்போது என்ன பண்றது, அதுக்கு முன்னாடி என்ன பண்றது

டயக்னோசிஸ் வந்த உடனே எல்லாரும் தேடறது தெரபி தான், ஸ்பீச், ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகள பழக்கற பயிற்சி), பிஹேவியர்னு. வேணும் தான், வேணாம்னு சொல்லல, ஆனா தெரபிஸ்ட் கூட பிள்ளை இருக்கறது வாரத்துல கொஞ்ச மணி நேரம், மிச்ச நேரம் பூரா நம்ம கூடத்தானே. அதனால வீட்ல நாம செய்யக்கூடியத மட்டும் சொல்றேன்.

முதல்ல எழுதி வைக்க ஆரம்பிங்க. கத்தறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பிள்ளை என்ன பண்ணுச்சு, உடனே நாம என்ன பண்ணோம், மணி எத்தன, அவ்ளோதான், ஃபோன்லயே எழுதலாம். தெரபிஸ்டுங்க இத ஏபிசி சார்ட்னு சொல்வாங்க. ஒரு ரெண்டு வாரம் எழுதிட்டு மொத்தமா படிச்சா, "சும்மாவே கத்தறான்"னு நினைச்சது பாதி சும்மா இல்லன்னு தெரியும். சட்டை காலர்ல குத்தற லேபிளா இருக்கும், பாத்ரூம் ஹேண்ட் டிரையர் சத்தமா இருக்கும், பாதியில டிவிய ஆஃப் பண்ணதா இருக்கும். சத்தம், வெளிச்சம், தொடுதல் இதெல்லாம் நமக்கு தெரியறத விட அவங்களுக்கு ரொம்ப கூடவோ குறைவாவோ தெரியலாம், 2013ல வந்த டிஎஸ்எம் 5லயே (மனநல டாக்டருங்க டயக்னோசிஸ் பண்ண வச்சிருக்கற அமெரிக்க கையேடு) இத ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா சேத்துட்டாங்க. லேபிள வெட்டி எடுக்க ரெண்டு நிமிஷம், அதுக்கு எந்த தெரபியும் வேணாம்.

காரணமே பிடிபடலயா, திடீர்னு புதுசா தலைய முட்டிக்குதா, தூக்கம் கெட்டுப் போச்சா, டாக்டர்கிட்ட போங்க. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இதெல்லாம் சொல்லத் தெரியாத பிள்ளை உடம்பாலதான் சொல்லும். அடிக்கடி வெறிச்சுப் பாத்து அப்படியே நின்னுடுதுன்னா அதையும் சொல்லுங்க, ஆட்டிசம் இருக்கறவங்களுக்கு வலிப்பு வர வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம்.

இப்போ மெல்ட்டவுன், அதாவது சத்தமோ நெருக்கடியோ தாங்க முடியாம பிள்ளை கட்டுப்பாடு இழந்து கத்தி அழறது. அடம் பிடிக்கற பிள்ளை நாம பாக்கறோமான்னு ஓரக்கண்ணால பாக்கும், கேட்டது கைக்கு வந்தா நிறுத்திடும், மெல்ட்டவுன்ல கேட்டத குடுத்தாலும் பெரும்பாலும் நிக்காது, ஏன்னா அது அவன் கையிலயே இல்ல. அந்த நேரத்துல நாம பேசப் பேச அதுவும் இன்னொரு சத்தம் தான். அதனால பேச்ச நிறுத்துங்க, லைட்ட குறைங்க, வேடிக்கை பாக்கற கூட்டத்த நகத்துங்க, முட்டிக்கற மாதிரி எதாவது பக்கத்துல இருந்தா எடுத்துடுங்க. கட்டிப் பிடிச்சா சில பிள்ளைக்கு அடங்கும், சிலதுக்கு ஏறும், உங்க பிள்ளை எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். "ஏன்டா இப்படி பண்ற"ன்னு கேக்கவே கேக்காதீங்க, முடிஞ்சப்புறமும் உடனே பாடம் எடுக்காதீங்க, அசந்து போய் கிடக்கற பிள்ளைக்கு எதுவும் ஏறாது. கைய உதறறது, ஆடறது, சுத்தறது இதுலயெல்லாம் யாருக்கும் அடி படலன்னா விட்டுடுங்க, அவங்க தங்கள சமாளிச்சுக்கற வழி அது, பக்கத்து வீட்டுக்காரங்க பாக்கறாங்கன்னு அதப் பிடுங்கறது நியாயமே இல்ல.

பேச்சு வராத பிள்ளைக்கு படக்கார்டு, டேப்லெட் ஆப் குடுக்க நெறய பேர் பயப்படறாங்க, அதுலயே பழகிட்டா அப்புறம் பேசவே பேசாதுன்னு. ஆராய்ச்சிங்க அப்படி சொல்லல, பேச்ச அது தடுக்கறதில்ல. பெக்ஸ்னு, படத்த நம்ம கையில குடுத்து வேணுங்கறத கேக்கற ஒரு முறை 1985லயே வந்தாச்சு. ஆனா குடுத்துட்டு ஒதுங்கிடக் கூடாது, நாமளும் படத்த தொட்டுத் தொட்டு பேசணும், அது எப்பவும் பிள்ளை கைக்கு எட்டற இடத்துல இருக்கணும், தண்டனையா பிடுங்கி வைக்கவே கூடாது. சாப்பாடு, பொம்மைன்னு கேக்கற வார்த்தை மட்டும் வைக்காதீங்க, "வேணாம்", "போதும்", "வலிக்குது" மூணும் கண்டிப்பா வேணும், வேணாம்னு சொல்ல வழி கிடைச்ச பிள்ளைக்கு கடிக்க வேண்டிய தேவை கொறையும். நாம சொல்றதும் சின்னதா, "ஷூ போடு", சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அதுக்குள்ள திருப்பித் திருப்பி சொன்னா ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும் பாவம்.

"முதல்ல குளியல், அப்புறம் ஊஞ்சல்"னு ரெண்டு படம் பக்கத்துல பக்கத்துல ஒட்டுங்க, சொன்ன ஊஞ்சல கட்டாயம் குடுங்க. டிவி நிறுத்தணும்னா முன்னாடியே டைமர் வச்சு காட்டுங்க.

பாதுகாப்புல அலட்சியம் வேணாம். நிறைய பிள்ளைங்க கதவு திறந்திருந்தா சத்தமில்லாம நடந்து போயிடும், அதுலயும் தண்ணி ரொம்ப இழுக்கும், காணாம போனா பக்கத்துல இருக்கற குளம், தொட்டிய முதல்ல பாருங்க. கைக்கெட்டாத உயரத்துல தாழ்ப்பாள், கதவுல மணி, உடம்புல நம்ம ஃபோன் நம்பர், முடிஞ்சா நீச்சல்.

அப்புறம் "முழுசா குணமாக்கறேன்"னு ஒருத்தர் சொன்னா செருப்ப மாட்டிட்டு கிளம்பிடுங்க. கீலேஷன் (உடம்புல இருக்கற உலோகத்த வெளியேத்தற மருந்து), பிளீச் கலந்த மருந்துன்னு விக்கறாங்க, உயிருக்கே ஆபத்து. தடுப்பூசியால வருதுன்னு கிளப்பிவிட்ட 1998 கட்டுரைய அத போட்ட லான்செட் பத்திரிகையே 2010ல வாபஸ் வாங்கிடுச்சு, அதனால அந்த குற்ற உணர்ச்சிய யாராவது தலையில கட்டினா வாங்கிக்காதீங்க.

கடைசியா, பிள்ளையப் பத்தி ஒரே ஒரு பக்கம் எழுதி வைங்க: எது பிடிக்கும், எந்த சத்தம் ஆகாது, வலிச்சா என்ன பண்ணுவான், கத்தினா என்ன செய்யணும், என்ன செய்யவே கூடாது. ஸ்கூல் மிஸ்ஸுக்கு ஒண்ணு, பாட்டிக்கு ஒண்ணு, சித்திக்கு ஒண்ணு. அது கையில இருந்தா அவங்களும் தைரியமா ரெண்டு மணி நேரம் பாத்துப்பாங்க, நீங்க அந்த நேரத்துல துணி மடிக்காம போய் படுங்க.