ஒரு வெள்ளைத்தாளில் தமிழ்நாடு

போட்டித் தேர்வுக்குப் புதிதாகப் படிக்க உட்காருபவர்கள் மாநில விலங்கு, மாநிலப் பறவை என்று பட்டியலைத்தான் முதலில் உருப்போடுவார்கள். மூன்று நாளில் மறந்துவிடும். அதை மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுங்கள். வரைபடம் வரையப் போகிறோம்.

முதலில் கடற்கரை. பழவேற்காட்டில் தொடங்கிக் கோடியக்கரை வரை இறக்குங்கள். அங்கே மூக்குப் போல நீட்டி, உள்ளே வளைத்து, ராமேஸ்வரத்தைத் தொட்டுக் கன்னியாகுமரிக்கு வாருங்கள். பிறகு மேற்கும் வடக்கும் சுற்றி மூடுங்கள். அழகாக வரவேண்டியதில்லை. நான் முதலில் வரைந்தது கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

அடுத்து மலை. மேற்கு ஓரத்தில் நீலகிரி, அதற்குத் தெற்கே ஆனைமலை. இரண்டையும் ஒட்டி வரைந்துவிடாதீர்கள்; நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. மற்ற இடங்களில் மலை தடுக்கும் தென்மேற்குப் பருவக்காற்று இந்த வழியாக உள்ளே புகுந்துவிடும். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும் இதே கதை. மலைக்குக் கிழக்கே பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் கை கொடுக்கிறது.

ஆறுகளில் இரண்டு போதும். காவிரி கர்நாடகத்தின் குடகில் பிறந்து வருகிறது, அதனால்தான் தண்ணீர்ப் பேச்சுவார்த்தை ஓயவில்லை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து நம் எல்லைக்குள்ளேயே கடலில் சேர்ந்துவிடும்.

சரி, இப்போது சின்னங்கள். வரையாட்டை நீலகிரி, ஆனைமலை உச்சிப் புல்வெளியில் நிறுத்துங்கள். பனையை ராமநாதபுரம், தூத்துக்குடி மணலில் நடுங்கள். பலாவைப் பண்ருட்டியில் தொங்கவிடுங்கள். மரகதப்புறாவுக்குக் காடு, செங்காந்தளுக்கு வேலியோரம்.

தொழிலையும் இப்படியே ஊர்மேல் எழுதுங்கள்: சிவகாசியில் பட்டாசு (வெடிமருந்து காய வறண்ட வெயில் வேண்டுமே), நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, திருப்பூரில் பின்னலாடை, ஆம்பூரில் தோல்.

வரலாற்றுக்குச் சிவப்புப் பேனா. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சேர்ந்தன. திருத்தணி 1960-இல் வந்தது. 1969 ஜனவரி 14-இல் சென்னை மாநிலம் என்ற பெயர் தமிழ்நாடு ஆனது. மாவட்டங்கள் 38, பழைய கைடில் 32 என்று இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

தாளை மடித்து வையுங்கள். நாளைக் காலை அதைப் பார்க்காமல் இன்னொன்று வரைந்து, அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.